விழும் குதிரைவீரன்: ஒரு ரோமானிய வெண்கலக் காசை வாசித்தல்

ரோமானியக் காசுகளில் உள்ள சின்னங்களைப் பற்றி இணையத்தில் தேடினால் பெரும்பாலும் ஒரு பட்டியல்தான் கிடைக்கும். கழுகு என்றால் அதிகாரம். சுக்கான் என்றால் அதிர்ஷ்ட தேவதை. வளக்கொம்பு என்றால் செழிப்பு. உருண்டை என்றால் உலகாட்சி. ஓநாயும் இரண்டு குழந்தைகளும் என்றால் ரோமாபுரி. தகவலில் தப்பில்லை. ஆனா இந்தப் பட்டியலை மனப்பாடம் பண்ணிட்டு ஒரு காசைக் கையில் எடுத்தால், அதைப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லாமல் போய்விடுகிறது. கனவுக்குப் பலன் சொல்லும் புத்தகம் மாதிரிதான். பாம்பு கண்டால் இன்னது, யானை கண்டால் இன்னது என்று வாசித்துவிட்டு நகர்ந்துவிடுகிறோம். கனவு என்னவாக இருந்தது என்பது மறந்துபோகிறது.

அதனால் இந்தக் குறிப்பில் ஒரே ஒரு காசை எடுத்துக்கொள்கிறேன். கி.பி. 348 வாக்கில் தொடங்கி ஏறக்குறைய பத்து வருஷம் அடிக்கப்பட்ட வெண்கலக் காசு. சேகரிப்பாளர்கள் மத்தியில் ரொம்ப சாதாரணமானது. ஏராளமாகக் கிடைப்பதாலேயே யாரும் உற்றுப் பார்ப்பதில்லை. இதனிடம் மூன்று கேள்விகள் கேட்கலாம். இந்தக் காசை என்ன சொல்லச் சொன்னார்கள்? அது உண்மையில் எதைக் காட்டுகிறது? அதைப் புழங்கிய ஜனங்கள் எப்படி எடுத்துக்கொண்டார்கள்? மூன்றுக்கும் மூன்று வெவ்வேறு பதில் வருகிறது என்பதுதான் என் வாதம்.

முதலில் காசு. தலைப்பக்கத்தில் பேரரசர் இரண்டாம் கான்ஸ்டான்டியஸ். முத்துப் பட்டை கட்டிய தலை, தோளில் போர்மேலங்கி. பூப்பக்கம் என்று நாம் சொல்லும் பின்பக்கத்தில்தான் கதை. தலைக்கவசம் போட்ட ஒரு வீரன் காலை அகட்டி முன்னே பாய்கிறான். இடக்கையில் கேடயம், வலக்கையில் ஈட்டி. எதிரே ஒரு குதிரை முன்னங்கால் மடங்கிச் சரிகிறது. அதன்மேல் இருந்தவன் விழுந்துகொண்டிருக்கிறான். ஈட்டி அவன்மேல் இறங்குகிறது. தரையில் அவனுடைய கேடயம் கிடக்கிறது. சுற்றிலும் எழுத்து: ஃபெல் டெம்ப் ரெபராட்டியோ. அடியில் எந்த அக்கசாலையில் அடித்தது என்பதற்கான குறியெழுத்துகள்.

அந்த வாசகம் ஒரு சுருக்கம். முதல் சொல்லை எப்படி விரிப்பது என்பதில் அறிஞர்களுக்குள் கருத்து வேறுபாடு உண்டு. ‘மகிழ்ச்சியான காலங்களின் மீட்பு’ என்று ஒரு வாசிப்பு, ‘காலங்களின் மகிழ்ச்சியான மீட்பு’ என்று இன்னொன்று. ஹரால்ட் மாட்டிங்லி 1933இல் இதற்காகவே ஒரு கட்டுரை எழுதினார். எப்படிப் பார்த்தாலும் சாரம் ஒன்றுதான். நம்ம ஊர் குடுகுடுப்பைக்காரர் பாஷையில் சொன்னால், நல்ல காலம் பொறக்குது.

ஏன் அந்தச் சமயத்தில்? ரோமாபுரி கி.மு. 753இல் நிறுவப்பட்டது என்பது மரபு. அந்தக் கணக்குப்படி 348 வாக்கில் நகரத்துக்கு 1100 வயது நிறைந்தது. நூறு வருஷத்துக்கு முன்னால் 248இல் பேரரசர் பிலிப் ஆயிரமாவது ஆண்டைப் பெரிய விழாவாகக் கொண்டாடினார். சிங்கம், நீர்யானை, மான் எல்லாம் பொறித்த காசுகளே வெளிவந்தன. 348இல் பேரரசை கான்ஸ்டன்டைனின் இரண்டு மகன்கள் பங்குபோட்டு ஆண்டுகொண்டிருந்தார்கள். கிழக்கே இரண்டாம் கான்ஸ்டான்டியஸ், மேற்கே கான்ஸ்டன்ஸ். மூத்தவன் 340லேயே தம்பியோடு நடந்த சண்டையில் செத்துப்போயிருந்தான். அவர்கள் காலத்தில் வாழ்ந்த வரலாற்றாசிரியர் ஆரேலியஸ் விக்டர், 1100ஆவது ஆண்டு வழக்கமான விழா எதுவும் இல்லாமலே கழிந்துவிட்டது, ரோமாபுரியின் மேல் அக்கறை நாளுக்கு நாள் குறைந்துவருகிறது என்று குறைப்பட்டு எழுதியிருக்கிறார். அதாவது, விழா நடக்கவில்லை. விழாவுக்கான காசு மட்டும் வந்தது. இதை மனசில் வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த வாசகத்தோடு ஒரே ஒரு படம் வரவில்லை, ஒரு தொகுப்பாகவே வந்தன. அதில் மிகச் சிறிய காசில் பீனிக்ஸ் பறவை. சில அச்சுகளில் உருண்டையின் மேல் நிற்கிறது, சிலவற்றில் சிதைமேட்டின் மேல். தலையைச் சுற்றி ஒளிக்கதிர். சொல்லும் படமும் இவ்வளவு கச்சிதமாகப் பொருந்துவது அபூர்வம். எரிந்து சாம்பலானது மறுபடி எழுகிறது என்பதற்கு மேல் அங்கே விளக்கம் தேவையில்லை.

இன்னொன்றில் கப்பல். பேரரசர் அதன் தளத்தில் நிற்கிறார். ஒரு கையில் பீனிக்ஸ் அல்லது வெற்றித் தேவதையின் சிறு உருவம். மறு கையில் கிறிஸ்துவின் பெயர்க்குறி போட்ட கொடி. பின்னால் உட்கார்ந்து சுக்கான் பிடிப்பவள் யார் தெரியுமா? சிறகுள்ள வெற்றித் தேவதை. பழைய மதத்துத் தேவதை படகோட்ட, புதிய மதத்துக் கொடியோடு, தொன்மத்துப் பறவையைக் கையில் ஏந்தி பேரரசர் போகிறார். நாலாம் நூற்றாண்டை ஒரே படத்தில் சொல்லச் சொன்னால் இதைவிட நன்றாகச் சொல்ல முடியாது. ஆனா நெரிசல் அதிகம். ஒன்றரை விரல்கடை அகலத்தில் இத்தனை பொருளைத் திணித்தால், ஆறு மாசம் பையில் உரசிய பிறகு எதுவும் மிஞ்சாது.

மூன்றாவது குடிசை. எனக்குப் பிடித்தது இதுதான். ஒரு வீரன், கையில் ஈட்டி, ஆனால் முனை கீழ்நோக்கி. இன்னொரு கையால் ஒரு குட்டி உருவத்தைக் கையைப் பிடித்துக் குடிசையிலிருந்து வெளியே கூட்டிவருகிறான். குடிசைக்கு மேலே மரம் கவிந்திருக்கிறது. அக்கசாலைக்கு அக்கசாலை மரத்தின் வடிவம்கூட மாறும். இது சிறைபிடிப்பா, மீள்குடியேற்றமா? கான்ஸ்டன்ஸ் 340களின் தொடக்கத்தில் ஃபிராங்க் இனத்தாரோடு போரிட்டு உடன்பாட்டுக்கு வந்தவர். அதனால் எல்லைக்கு அப்பால் இருந்தவர்களை உள்ளே அழைத்துக் குடியமர்த்தும் காட்சி என்று சிலர் வாசிக்கிறார்கள். இழுத்துக்கொண்டு போகிறான் என்று சிலர். சிறுவனைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போகும் அப்பா போலவும் இருக்கிறது, பிடித்துக்கொண்டு போகும் சேவகன் போலவும் இருக்கிறது. அந்தக் குட்டி உருவம் குழந்தை இல்லை. பெரியவனைத்தான் சின்னதாகப் போட்டிருக்கிறார்கள். வென்றவன் பெரிசு, தோற்றவன் சிறிசு என்பது அந்தக் காலத்துப் படமொழி. அப்படிச் சின்னதாகப் போட்டதாலேயே படத்தில் ஒரு வாத்சல்யம் வந்துவிடுகிறது, வரைந்தவன் நினைத்தானோ இல்லையோ.

இப்போது விழும் குதிரைவீரனுக்குத் திரும்புவோம். ரோமானியப் படமரபில் குதிரைமேல் இருப்பவன் வழக்கமாக ஜெயிப்பவன். டிராஜன் காசுகளில் பேரரசர் குதிரைமேல் பாய்வார், டேசிய நாட்டுக்காரன் கீழே கிடப்பான். எல்லைப்புறத்துக் குதிரைப்படை வீரர்களின் கல்லறைக் கற்களிலும் இதே காட்சிதான். இந்தக் காசு அதைத் தலைகீழாகப் புரட்டுகிறது. குதிரை எதிரியுடையது. வெல்பவன் தரையில் நிற்கும் காலாள். அவன் பேரரசர் என்று காட்ட எந்த அடையாளமும் இல்லை. 350இல் மேற்கே கலகம் செய்து கான்ஸ்டன்ஸைத் தொலைத்த மேக்னென்டியஸ், தன் காசு ஒன்றில் பேரரசரை மறுபடி குதிரைமேல் ஏற்றி, மண்டியிட்ட எதிரியை அவர் குத்துவது போலப் போட்டார். பழைய வாய்ப்பாட்டுக்குத் திரும்பிவிட்டார். அதை இதோடு பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் குதிரைவீரன் காசில் இருக்கும் புதுமை புரியும்.

புதுமைக்கு ஒரு விலையும் உண்டு. நம் கண் எங்கே போகிறது என்று பாருங்கள். வீரனின் முகம் கவசத்துக்குள். எல்லா அச்சிலும் கிட்டத்தட்ட அதே நிலை. ஆனால் விழுபவன் மாறிக்கொண்டே இருக்கிறான். சில அச்சுகளில் குதிரையின் கழுத்தைக் கட்டிக்கொள்கிறான். சிலவற்றில் தரையில் உட்கார்ந்துவிட்டான். சிலவற்றில் உடம்பைத் திருப்பி, கையைத் தூக்கி, குத்துபவனை நோக்கி நீட்டுகிறான். தாடி உண்டு, சில சமயம் கூம்புத் தொப்பி உண்டு. நாணயவியலாளர்கள் இந்த நிலைகளை வைத்தே காசுகளை வகை பிரிக்கிறார்கள். அதாவது, அச்சு வெட்டிய தொழிலாளியின் கற்பனை முழுக்கத் தோற்பவன் பக்கம்தான் வேலை செய்திருக்கிறது. சாகும் காலியன் சிலையை நினைத்துக்கொள்ளலாம். தோற்றவனுக்குக் கம்பீரம் தருவது கிரேக்கச் சிற்பிகளிடமிருந்து வந்த பழக்கம். அது இங்கே கட்டைவிரல் அளவுக்கு இறங்கி வந்திருக்கிறது. அந்தத் தூக்கிய கையைப் பார்த்தபிறகு சுற்றிலும் எழுதியிருக்கும் ‘நல்ல காலம்’ என்ற சொல்லைப் படித்தால் நாக்கில் கொஞ்சம் கசக்கத்தான் செய்கிறது.

இங்கே ஒரு நியாயமான ஆட்சேபம் வரும். “நீ இப்படி உட்கார்ந்து உற்றுப் பார்க்கிறாய். அன்றைக்குச் சந்தையில் வெங்காயம் வாங்கினவன் பார்த்தானா?” இதை முதலில் உரக்கக் கேட்டவர் வரலாற்றாசிரியர் ஏ.எச்.எம். ஜோன்ஸ். 1956இல் வந்த கட்டுரையில், காசுப் படங்களை நாம் இன்றைய தபால்தலைப் படங்களுக்குக் கொடுக்கும் மதிப்புக்கு மேல் எடுத்துக்கொள்ளக் கூடாது என்று வாதாடினார். சதர்லாந்து அதை மறுத்து எழுதினார். 1982இல் பார்பரா லெவிக் இன்னொரு திருப்பம் கொடுத்தார். படங்கள் ஜனங்களுக்காக இல்லை, பேரரசரைக் குளிர்விப்பதற்காக அதிகாரிகள் போட்டவை என்றார். இந்த விவாதம் பெரும்பாலும் முன்னிரு நூற்றாண்டுகளின் காசுகளைச் சுற்றியே நடந்தது. ஆனால் நம் காசைப் பொறுத்தவரை புழங்கியவர்கள் விட்டுப்போன தடயங்களே இருக்கின்றன. அவற்றைக் கேட்போம்.

முதல் சாட்சி, உலை. ஆரம்பத்தில் இந்தத் தொகுப்பின் பெரிய காசுகளில் வெண்கலத்தோடு கொஞ்சம் வெள்ளியும் கலந்திருந்தது. 349ஆம் வருஷத்துச் சட்டம் ஒன்று தியோடோசியன் சட்டத்தொகுப்பில் இருக்கிறது. ‘மையோரினா’ என்ற காசை உருக்கி வெள்ளியைத் தனியாகப் பிரிக்கும் உலைக்காரர்களுக்கு மரண தண்டனை என்கிறது. மையோரினா என்பது இந்தப் புதுக் காசுதான் என்று பல ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். அப்படியானால், நல்ல காலம் பிறந்தது என்று அறிவித்து ஒரு வருஷம்கூடச் சரியாக ஆகவில்லை, அறிவிப்பை உலையில் போட்டுவிட்டார்கள். இதுவும் ஒரு வாசிப்புதானே? படத்தைத் தாண்டி உலோகத்தைப் படித்தவர்கள் இவர்கள். பேரரசின் வாக்கில் எது செல்லும், எது செல்லாது என்று அவர்களுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

இரண்டாவது சாட்சி, போலிகள். மேக்னென்டியஸ் 353இல் ஒழிந்த பிறகு, இன்றைய பிரான்ஸ், பிரிட்டன் பகுதிகளில் சில்லறைத் தட்டுப்பாடு. ஆட்கள் தாங்களே காசு அடித்துக்கொள்ளத் தொடங்கினார்கள். எதைப் பார்த்து? பெரும்பாலும் விழும் குதிரைவீரனைத்தான். 10 மில்லிமீட்டருக்கும் குறைவான பொடிக்காசுகள்கூட இதில் உண்டு. சில, பழைய காசுகளின் மேலேயே அடிக்கப்பட்டவை. இந்தப் போலிகளை அறிஞர்கள் வெகுகாலம் ‘காட்டுமிராண்டித்தனமானவை’ என்று முத்திரை குத்தி ஒதுக்கிவைத்தார்கள். எனக்கோ இவைதான் இந்தக் காசுக்கு எழுதப்பட்ட முதல் விமர்சனங்கள் என்று தோன்றுகிறது. நகலெடுப்பவன் எதை வைத்துக்கொண்டான், எதை விட்டான் என்று பாருங்கள். முதலில் போனது எழுத்து. வாசகம் வெறும் கோடுகளாகவும் வளையங்களாகவும் ஆகிவிட்டது. அடுத்துப் போனது அக்கசாலைக் குறி. பேரரசர் முகம் புள்ளியும் பட்டையுமாகச் சிதைந்தது. கடைசிவரை மிஞ்சுவது ஒரு குச்சி வீரன், ஒரு சாய்வுக் கோடு, அதன் முனையில் கால் மடங்கிய ஒரு கும்பல். ஈட்டியின் சாய்வு, விழுதல், அவ்வளவுதான்.

ஆக ஜோன்ஸ் சொன்னது பாதி சரி. வாசகத்தை யாரும் பொருட்படுத்தவில்லை. ஆனால் படத்தைப் பார்த்திருக்கிறார்கள். அதுவும் படத்தின் எலும்புக்கூட்டைச் சரியாகப் பிடித்திருக்கிறார்கள். கப்பலை நகலெடுப்பது கஷ்டம். குதிரைவீரனை மூன்று கோட்டில் போட்டுவிடலாம். நல்ல வடிவமைப்புக்கு இதைவிடப் பெரிய சான்றிதழ் வேண்டுமா?

மூன்றாவது சாட்சி சற்றுப் பின்னால் வருகிறது. 361க்குப் பிறகு ஜூலியன் வெளியிட்ட பெரிய வெண்கலக் காசில் ஒரு காளை, மேலே இரண்டு விண்மீன்கள், ‘அரசின் பாதுகாப்பு’ என்ற வாசகம். 362இல் ஜூலியன் அந்தியோக்கியாவில் வந்து தங்கினார். ஊர்க்காரர்கள் அந்தக் காசை வைத்துக் கிண்டலடித்தார்கள். தன் காசிலிருந்த உருவத்தைக்கூட அவர்கள் விட்டுவைக்கவில்லை என்று ஜூலியனே எழுதியிருக்கிறார். பழைய மதத்துப் பலியைத் திரும்பக் கொண்டுவந்தவர் அவர். உலகத்தையே பலிமாட்டைப் போலக் கவிழ்த்துவிட்டார் என்று கிறிஸ்தவர்கள் அந்தக் காளையை வாசித்தார்கள். அது எகிப்தின் ஆப்பிஸா, ராசி மண்டலத்து ரிஷபமா, தலைவனைக் குறிக்கும் உவமையா என்று இன்றைக்கும் சண்டை ஓயவில்லை. அந்தியோக்கியா தெருவில் அந்தச் சந்தேகமே இல்லை. தங்களுக்கு வேண்டிய அர்த்தத்தை அவர்களே போட்டுக்கொண்டார்கள். ‘பிரச்சாரம்’ என்ற சொல்லின் பலவீனம் இங்கேதான். சொல்பவன் ஒருவன், கேட்பவன் ஒருவன் என்று அது நினைக்கிறது. காசு கைமாறும்போது அர்த்தமும் கைமாறுகிறது.

இந்தக் காசின் முடிவையும் சொல்லியாக வேண்டும். பீனிக்ஸ், கப்பல், குடிசை எல்லாம் சில வருஷத்திலேயே நின்றுபோயின. எஞ்சியது குத்தும் படம் மட்டும். மறுபிறப்பு, பயணம், கைப்பிடித்து அழைத்தல் என்று நாலு விதமாகச் சொல்லத் தொடங்கிய ‘மீட்பு’, கடைசியில் ஒரே அர்த்தத்துக்குச் சுருங்கிவிட்டது: எதிரியைக் கொல்வது. காசும் கூடவே சுருங்கியது. தொடக்கத்தில் 5 கிராம் அளவில் இருந்தது, 350களின் நடுவில் இரண்டரை கிராம் அளவுக்கு வந்தது, அப்புறம் இன்னும் கீழே. வெள்ளியும் ஏறக்குறைய காணாமல் போனது. படம் மட்டும் அப்படியே. 350களின் பிற்பகுதியில் இதற்குப் பதிலாக ‘அரசின் நம்பிக்கை’ என்று இன்னும் சின்னக் காசு வந்தது. 359இல் பாரசீக மன்னன் இரண்டாம் ஷாபூர் அமிடா நகரத்தைப் பிடித்தான். அங்கிருந்து உயிர் தப்பியவர்களில் ஒருவர் வரலாற்றாசிரியர் அம்மியானஸ் மார்செல்லினஸ். பத்து வருஷமாகக் காசில் விழுந்துகொண்டே இருந்த குதிரைவீரன் நிஜத்தில் விழவில்லை.

கடைசியாக நமக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு விஷயம். நாலாம், ஐந்தாம் நூற்றாண்டு ரோமானியப் பொடிக்காசுகள் கரூரிலும் மதுரையிலும் கிடைத்திருக்கின்றன. இரா. கிருஷ்ணமூர்த்தி 1994இல் அவற்றைப் பற்றித் தனி நூலே வெளியிட்டார். இலங்கையில் ஆயிரக்கணக்கில் கிடைத்தன. அங்கே உள்ளூரில் நகலும் அடித்திருக்கிறார்கள். லத்தீன் தெரியாத, ரோமாபுரியின் 1100 வயதோடு எந்தச் சம்பந்தமும் இல்லாத கைகளில் இவை சில்லறையாகப் புழங்கின. பேரரசர் நினைத்த செய்தி இங்கே வந்து சேர வழியே இல்லை. காசு வந்து சேர்ந்தது. ஒரு படத்துக்கு அதைச் செய்தவனின் நோக்கம்தான் அர்த்தம் என்றால், நம் ஆற்றுமணலில் கிடைத்த காசுகளுக்கு அர்த்தமே இல்லை என்று சொல்ல வேண்டிவரும். நான் அப்படிச் சொல்ல மாட்டேன்.

என் தீர்ப்பு இது. வாசகமாக இந்தக் காசு தோற்றுவிட்டது. உலை அதை 349லேயே சொல்லிவிட்டது. படமாக இது ஜெயித்தது, ஆனால் அரசு கேட்ட விதத்தில் இல்லை. வெற்றியைக் காட்டச் சொன்னார்கள். பெயர் தெரியாத அச்சுக்காரர்கள் விழுவதைக் காட்டினார்கள். அமெரிக்க நாணயவியல் கழகம் ரோமானியப் பேரரசுக் காசுகளின் பட்டியலை இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. நேரம் இருந்தால் அதில் இந்த வகையைத் தேடி ஒரு இருபது படம் அடுத்தடுத்துப் பாருங்கள். வீரனை விட்டுவிடுங்கள், அவன் எங்கும் ஒரே மாதிரி இருப்பான். விழுபவனின் கையை மட்டும் கவனியுங்கள்.